‘உயிரிழந்தனர்’ என்று எழுதிய காகிதம்

ஒரு சின்னக் கதை சொல்றேன், கேட்டுட்டு அப்புறமா கைதட்டுங்க. கதைதான்... பேரைத் தேடி அலையாதீங்க.

யாழ்ப்பாணத்து வக்கீல் ஒருத்தர். தில்லையம்பலம்னு பேரு. கொழும்புக் கலவரத்துல... பாத்தீங்களா, நானே ‘கலவரம்’னுட்டேன்! அவர் இங்க இருந்தா மைக்கைப் பிடுங்கியிருப்பாரு. “கலவரம் எண்டால் ரெண்டு பக்கமும் அடிபடுறது. எங்களை வீடு தேடி வந்தெல்லோ வெட்டினவங்கள்!” அப்படிம்பாரு. கூடப் பிறந்த தங்கச்சி மங்களத்தை அங்கதான் பறிகொடுத்தாரு. பிறகு ஜெனிவாவுல குடியேறினாரு. சட்டத்துல இதுக்கு ஒரு பேரு இருக்கு, இனப்படுகொலை, அந்தப் பேரை உலகம் சொல்லணும்... இதே பேச்சு. கல்யாணப் பந்தியில பக்கத்து இலைக்காரரையும் விடமாட்டாரு. அங்க எந்த மனித உரிமை மாநாடு நடந்தாலும் வாசல்ல நிப்பாரு.

வீட்டம்மா யோகம் என்ன சொன்னாங்க? “இஞ்சாருங்கோ, உங்களைக் கண்டாலே சனம் ஒளிக்குது. இந்த வருசத்தோட விடுங்கோவன்.” மனுஷனும் சரின்னுட்டாரு.

மாநாட்டு அன்னைக்கு நல்ல மழை. சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்து நிக்கிறாரு. தீர்மானம் எழுதுற அம்மா வேற நாட்டுக்காரங்க, தங்கமான மனசு. “குடை எங்க சார்?”னு கேட்டாங்க. “டிராமிலை துலைச்சுப்போட்டன்.” சிரிச்சுக்கிட்டே காகிதத்தை நீட்டினாங்க. “‘இனப்படுகொலை’ன்னு போட்டா ஒருத்தரும் கை தூக்க மாட்டாங்க. ‘ஏராளமானோர் உயிரிழந்தனர்’னு போட்டிருக்கேன். உறுதியா நிறைவேறும். சம்மதமா?”

இத்தனை வருஷம் நின்ன வாசல்... திறக்குது! சரின்னா வீட்டுக்குப் போயிடலாம். நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க?

அவர் சொன்னாரு: “அம்மா... குடையைத்தான் நான் இழந்தனான். என்ரை தங்கச்சி உயிரை எங்கையும் மறந்து வைச்சிட்டு வரேல்லை. பறிச்சவங்கள்.”

அந்தம்மா என்ன பண்ணாங்க? பேனாவை எடுத்தாங்க, ‘உயிரிழந்தனர்’ங்கிறதை அடிச்சாங்க, ‘கொல்லப்பட்டனர்’னு எழுதினாங்க. அவங்களால முடிஞ்சது அவ்வளவுதான். தீர்மானம் நிறைவேறிடுச்சு!

வீட்டுக்குப் போன் போட்டாரு. “யோகம்! ‘கொல்லப்பட்டனர்’ எண்டு போட்டாச்சு! சொன்ன மாதிரி இதோட விட்டிட்டன்.”

அந்தப் பக்கம் யோகம் ஒரு கேள்வி கேட்டாங்க...

“இஞ்சாருங்கோ... ஏன் கொல்லப்பட்டவை எண்டு போட்டவையோ? தமிழர் எண்ட ஒண்டுக்காக எண்டு?”

“அது... போடேல்லை.”

“அப்ப என்னத்தை விடுறது? வாங்கோ, புட்டு அவிச்சு வைக்கிறன். சாப்பிட்டிட்டு அடுத்த மாநாட்டுக்கு எழுதத் துவங்குங்கோ. மங்களம் எனக்கும் மச்சாள்தானே!”

இதை ஏன் சொல்றேன்? நீங்கள்லாம் நாளைக்குக் கறுப்புக் கோட்டு போடப்போற பிள்ளைங்க. ‘அசம்பாவிதம்’னு எழுதி நீட்டுவாங்க. ‘விரும்பத்தகாத சம்பவம்’னு எழுதி நீட்டுவாங்க. கெட்டவங்க மட்டுமா நீட்டுவாங்க? நல்லவங்களும் நீட்டுவாங்க, அன்பாவே நீட்டுவாங்க. வாங்கிடாதீங்க! செத்தவங்களுக்கு உயிரைத் திருப்பிக் குடுக்க நம்மால ஆகாது. என்ன நடந்துச்சுங்கிற சொல்லையாவது... முழுசா குடுங்க.

தில்லையம்பலத்தைச் சட்டப் பைத்தியம்னு சொன்னவங்க உண்டு. எனக்கென்னவோ அவர் தங்கச்சி மேல உயிரையே வச்ச ஒரு அண்ணன்... அவ்வளவுதான்யா!