ஏரியல் உள்ளேதான் இருந்தது

என் பெயர் போஹுமில் ஸ்ட்ரனாட், தகப்பனார் பெயர் வாட்ஸ்லாவ், வயது 58, லிஃப்ட் மெக்கானிக். பில்சனை அடுத்த தோப்ரஷானியில் சொந்த வீட்டில் மாடியில் நானும், கீழே என் தம்பி லூபோரும் குடியிருந்து வருகிறோம்.

எங்கள் ஊர் பழைய ராணுவ வண்டிகள் சங்கத்தில் நான் உறுப்பினர். 1945இல் அமெரிக்கப் படை எங்கள் ஊரை நாஜிகளிடமிருந்து மீட்ட நினைவாக நடக்கும் மே மாத விடுதலை ஊர்வலத்தில் அமெரிக்கச் சிப்பாய் உடுப்பில் ஜீப் ஓட்டுவது வழக்கம். அப்போது ஜீப்புக்கு ஜீப் பேசிக்கொள்ள, போர்க்காலத்துக் கை ரேடியோவின் வெற்றுக் கூட்டுக்குள் உரிமம் தேவைப்படாத இந்தக் காலத்து வாக்கி டாக்கியைப் பொருத்திக் கொடுப்பது நான்தான். உள்ளே ஒன்றும் இல்லாத கூடுகளில் மட்டுமே செய்வேன். உருப்படியான ஒன்றை நான் குடைந்தேன் என்று சொல்கிறவன் வாய் அழுகிப் போகட்டும். இதையும் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏப்ரலில் சங்கத்தின் ஒரே அசல் ரேடியோ அலமாரியிலிருந்து காணாமல் போனது. பூட்டு உடைபடவில்லை. சாவி இருந்தது சங்கத் தலைவர் ரடோவான் குபாட்டிடமும் என்னிடமும். அதன் பிறகு நடந்த கூட்டத்தில் குபாட் என்னைப் பார்த்து, "என்னய்யா போஹுஷ், குடலை உருவிட்டு உன் பொம்மை ரேடியோவை உள்ள வெச்சிட்டியா?" என்று கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஊர்வலம் முடிந்ததும் என்னை நீக்குவதற்கு வாக்கெடுப்பு, பிறகு போலீசில் திருட்டுப் புகார் என்று முடிவு செய்தார்கள். அதன் பிறகு யார் வணக்கம் சொன்னாலும், எதற்குச் சொல்கிறான் என்றே எனக்குத் தோன்றியது. லூபோர் மட்டும், "விடுண்ணா, குபாட்டுக்குக் கொழுப்பு" என்று சொல்லி பீர் ஊற்றிக் கொடுத்தான்.

ஊர்வலத்தன்று காலை குபாட்டின் ஜீப்புக்கான ரேடியோவைக் கொடுத்தேன். அதன் பேசும் பொத்தான் துருப்பிடித்து அழுந்தாததால், குரல் கேட்டால் தானாகவே அனுப்பும்படி வைத்திருந்தேன். அசல் ரேடியோவில் ஏரியலை இழுத்தால் உயிர் வரும், உள்ளே தள்ளினால் அணையும். நான் பொருத்துவதில் ஏரியல் வெறும் அழகுக்குத்தான், சுவிட்சு அடியில் இருக்கிறது. இதைச் சொல்ல வாயெடுத்ததும் குபாட், "எனக்கே பாடமா? எத்தனை வருஷமா ஏரியல் இழுக்கறேன் தெரியுமா, போய்யா" என்றார். நான் போய்விட்டேன்.

அதன் பிறகு மதியம் குலாஷ் சாப்பிட நிறுத்தினோம். குபாட் தன் ஜீப்பை எங்களை விட்டுச் சற்றுத் தூரத்தில், தேவாலயத்துக்குப் பின்னால் நிறுத்தி, ஏரியலை உள்ளே தள்ளியதைப் பார்த்தேன். நான் தட்டுடன் உட்கார்ந்த சற்று நேரத்தில் எங்கள் மூன்று ஜீப் ரேடியோக்களிலும் அவர் குரல் வந்தது. "போஹுஷ்தான் குடைஞ்சு வித்துட்டான்னு எல்லாரும் நம்பிட்டானுங்க. வாக்கெடுப்பு முடியட்டும், ரேடியோவை பவேரியாவுல வாங்கறவன்கிட்ட தள்ளிடலாம்." இன்னொரு குரல், "நிலவறையில பத்திரமா இருக்கு. அவன் அங்க தேடவே மாட்டான்" என்றது. ஜீப் ஓட்டும் ஹெர்மீனா அம்மாள் எழுந்து போய் என் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். மற்றவர்கள் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

அதன் பிறகு, நான் ஒட்டுக்கேட்கும் கருவி வைத்ததாக குபாட் புகார் கொடுத்ததன் பேரில் என்னை அழைத்து வந்துள்ளார்கள். இரண்டாவது குரல் யாருடையது என்று அதிகாரி கேட்கிறார். மற்றவர்கள் எல்லோரும் தெரியாது என்று எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறார். அவர்களுக்குத் தெரியும். எனக்குத் தலைகுனிவு வரக் கூடாது என்றுதான் தெரியாது என்றார்கள். நான் அவர்களைப் போய்ச் சந்தேகப்பட்டேன்.

அது என் தம்பி லூபோரின் குரல். என் சாவி மாட்டியிருக்கும் ஆணி அவனுக்குத் தெரியும். எங்கள் வீட்டு நிலவறையில் அவன் பங்குக்கு உள்ள அறை பூட்டியிருக்கிறது. நான் திறந்து பார்க்கவில்லை, எனக்குத் தெம்பு இல்லை. நீங்களே திறந்துகொள்ளுங்கள்.

வேண்டுமென்றே அப்படி வைத்தாயா என்று அதிகாரி கேட்டதற்கு, இல்லை. தம்பியின் குரலை இப்படிக் கேட்கப் போகிறேன் என்று தெரிந்திருந்தால் அந்த ரேடியோவைக் கொடுத்தே இருக்க மாட்டேன். திருடன் என்ற பெயரோடு இருந்திருப்பேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் இதுதான்.

(ஒப்பம்) போ. ஸ்ட்ரனாட்