வலங்கைமான் பஸ்ஸில் கசிந்த கதிர்

வலங்கைமான் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஓர் அம்மாவும் வானியல் ஆராய்ச்சி மாணவியான மகளும். போனைப் பார்த்த மகள் கத்தினாள்:

“அம்மா, கசியுதுன்னு ஒத்துக்கிட்டாங்க!”

“எதுடி?”

“தூரத்து இளங்கேலக்ஸியோட, அதான் நட்சத்திரக் கூட்டத்தோட, கதிர்வீச்சு. அது நமக்கும் அதுக்கும் நடுவுல நிக்கிற வேற கேலக்ஸியோடது, விட்டுருன்னு எங்க கைடு சார் சொன்னாருல்ல?”

“பக்கத்து வயல் தண்ணின்னு நெனச்சாராக்கும்.”

“ஆமா. இப்ப என் கட்டுரையைச் சரிபார்த்தவங்க நான் சொன்னதுதான் சரின்னுட்டாங்க!”

“வரப்புல நண்டு வளை கசிஞ்சா நாங்க அடைக்க ஓடுவோம். நீ குதிக்கிற.”

“இப்படிக் கசிஞ்ச கதிர்தாம்மா ஆதியில பிரபஞ்சத்தோட மூட்டத்தையே கலைச்சது.”

அம்மா எழுந்து பஸ்ஸில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினார். “எம்பொண்ணு அடைக்கக் கூடாத ஓட்டையைக் கண்டுபிடிச்சிருக்கா!”

பஸ்ஸே கைதட்டியது. தூங்குவதாக நடித்து ஒட்டுக்கேட்ட நான்தான் கைதட்ட முடியாமல் தவித்தேன்.