கிரகணத்தன்று மாட்டிய கண்ணாடி

வானத்தை அச்சடிக்கக் கருப்பு மை நிறையச் செலவாகும். நட்சத்திரம் என்பது மை படாத வெறும் காகிதம்தான்; வாங்கி மாட்டுகிறவர்களுக்கு இது தெரியாது. என் மனைவி படம் எடுப்பாள். நான் அதைப் பெரிய தாளில் அச்சடித்துச் சட்டம் போடுவேன். தெரிந்தவர்கள் எங்களை மையும் காகிதமும் என்று கேலி செய்வார்கள். எனக்கு அது பிடிக்கும்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கண் மங்கல். எதையும் வலது கண்ணால்தான் பார்ப்பாள், என்னைக்கூடத் தலையைச் சாய்த்துத்தான். அந்தச் சாய்ப்பில்தான் நான் விழுந்தேன்.

ஒரு வானாய்வுக்கூடத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. இரண்டு வருஷம் அங்கேயே தங்கிப் படமெடுக்க வேண்டும். குடும்பத்துக்கு இடம் கிடையாது. சாப்பாட்டைக்கூட மறந்து பெட்டி அடுக்கினாள்.

"அங்க போனா உங்க மூஞ்சியே மறந்துடும்போல. ஒரு போட்டோ குடுங்க, பர்ஸ்ல வச்சுக்கறேன்" என்றாள்.

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

அவள் கிளம்புவதற்குள் ஒரு சூரிய கிரகணம் வந்தது. மொட்டை மாடியில் கேமராவை நிறுத்தினோம். சூரியனைப் பார்க்க லென்ஸின் முன்னால் தனிக் கண்ணாடி ஒன்று மாட்ட வேண்டும். அது எப்போதும் என் வேலை. ரேகை விழும் என்று அவள் அதைத் தொடவே மாட்டாள், சரிபார்க்கவும் மாட்டாள்.

"மாட்டியாச்சாங்க?"

"ம்" என்றேன்.

அன்று நான் மாட்டியது வேறு கண்ணாடி. பார்வைக்கு அதே கருப்பு, ஆனால் அருவிகளைப் படமெடுப்பதற்கானது. சூரியனுக்கு அது ஆகாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். கிரகணம் விலகும்வரை அவள் கேமராவின் பார்வைத் துளையிலிருந்து வலது கண்ணை எடுக்கவில்லை. வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். கண்ணுக்குள்ளே வெந்தால் வலி தெரியாதாம்.

இப்போது அவள் எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கருப்பு வட்டம். என் முகம் இருக்கும் இடத்திலும் அதுதான். ஆறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயணம் நின்றது. தட்டில் எது எங்கே இருக்கிறது என்று நான் சொல்கிறேன், தலை வாரிவிடுகிறேன், பழைய படங்களை அச்சடித்து அவற்றில் என்ன தெரிகிறது என்று விவரிக்கிறேன். நாங்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்ததே இல்லை.

சரியான கண்ணாடியைத்தான் மாட்டினேன், அதில் விரிசல் இருந்திருக்கிறது, எறிந்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். உண்மையிலேயே எறிந்திருக்க வேண்டும். அவளுடைய பொருளை எறிய எனக்கு மனம் வரவில்லை. பிரிண்டுகளுக்கு இடையில் வைக்கும் மெல்லிய தாளில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் பத்திரமாக வைத்தேன். அவள் தடவித் தடவி எடுத்திருக்கிறாள். இதோ, உங்கள் மேஜையில் இருப்பது அதுதான். ஒரு கீறல்கூட இல்லை. மேலே முழுக்க அவள் விரல் ரேகை.

ஆமாம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் தனியாகவே இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து வந்து இதைக் கொடுத்தாள் என்கிறீர்களே, அதை மட்டும் நான் நம்பமாட்டேன். என் கையைப் பிடிக்காமல் அவளுக்கு வாசற்படிகூட இறங்கத் தெரியாது.