கால் வெட்டாத கோடு

என் தங்கை கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வேறு யாருடைய கல்யாணத்திலோ சாப்பிட்டுவிட்டுப் போனதற்கு நான்தான் காரணம். அதிலிருந்து ஆரம்பித்தால்தான் ஐயா, உங்களுக்கு விஷயம் புரியும்.

இணையப் பக்கங்கள் வடிவமைப்பது என் தொழில். தங்கை கல்யாணத்துக்கும் ஒரு பக்கம் செய்தேன். பத்திரிகை அச்சடித்த பிறகு மண்டபம் மாறிவிட்டது. அதனால் 'மண்டபத்தில் சந்திப்போம்' என்று என் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன். 'மண்டபத்தில்' என்ற சொல்லைத் தொட்டால் புது இடத்தின் வரைபடம் வரும். அடிக்கோடு போடவில்லை. கறுப்பு எழுத்துகளுக்கு நடுவே அந்தச் சொல் மட்டும் கருஞ்சிவப்பு. பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் போதும் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளைக்குப் பார்க்கத் தெரியவில்லை. அவருக்குப் பிறவியிலேயே சிவப்பு தெரியாது. கருஞ்சிவப்பும் கறுப்பும் அவருக்கு ஒன்றுதான். "எல்லாம் பக்கத்துலயே இருக்கு, பாருங்க" என்று அனுப்பியிருந்தேன். பழைய மண்டபத்துக்குப் போனார். அங்கிருந்த பெண்வீட்டார் நல்லபடியாக வரவேற்று, ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை கைவசம் இருப்பதைக் கண்டு மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான். அவர் கணக்கு வாத்தியார். விடைக்குக் கீழே இரண்டு கோடு போடாத பிள்ளைக்கு அரை மதிப்பெண் குறைக்கிற ரகம்.

"மச்சான், ஒரு கோடு போட்டா என்ன குறைஞ்சா போயிடும்?" என்று கேட்டார்.

"கால் குறையும் மாப்பிள்ளை. 'மண்டபத்தில்'ல வர்ற 'த'வுக்குக் கீழ கோடு போட்டுப் பாருங்க. காலை வெட்டுன மாதிரி இருக்கும்."

"காலு போனா போகுது, ஆளு வந்து சேரணுமில்ல?"

"உங்களுக்கு அழகு தெரியல" என்றேன். அதனால் அன்றிலிருந்து நாங்கள் எப்போது சந்தித்தாலும் இதே சண்டை. தங்கை நடுவில் புகுந்து, "அண்ணா, நீ கோடு போடு. ஏங்க, நீங்க கண்ணாடி போடுங்க. ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்பாள். கோடு போடச் சொன்னால் ரோடே போடுகிறவன் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர். அந்த ஒரு கோட்டை மட்டும் நான் கடைசிவரை போடவில்லை.

பிறகு ஒரு ஹீட்டர் கம்பெனிக்குப் பக்கம் செய்கிற வேலை வந்தது. அவர்களுடைய வெந்நீர் ஹீட்டர் ஒன்றை, சலுகை விலையில் வாங்கி, தங்கையின் புது வீட்டுக்கு நானே மாட்டிக்கொடுத்தேன். நான் நல்ல அண்ணன் ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் அந்தக் கம்பெனி முதலாளி கூப்பிட்டார். சில ஹீட்டர்களில் வால்வு சரியில்லையாம். வெடிக்கலாமாம். சட்டப்படி பக்கத்தில் அறிவிப்பு இருக்க வேண்டும். "இருக்கணும் தம்பி, ஆனா உறுத்தக்கூடாது" என்றார். உறுத்தாமல் இருப்பதுதான் என் கலையே. 'எங்கள் பொருள்களின் தரம் பற்றிய விளக்கம் எப்போதும் உண்டு' என்று ஒரு வரி. 'விளக்கம்' என்பதைத் தொட்டால் எந்தெந்த ஹீட்டரை உடனே நிறுத்த வேண்டும் என்ற விவரம். கருஞ்சிவப்பு. கோடு இல்லை. முதலாளி என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

எழுத்தின் காலுக்காகத்தான் கோட்டை விட்டேன் என்று போன முறை விசாரணையில் உங்களிடம் சொன்னேன். 'விளக்கம்' என்ற சொல்லில் கோட்டுக்குக் கீழே இறங்குகிற காலே இல்லை என்று நீங்கள் காட்டும்வரை நான் கவனிக்கவில்லை. நல்ல கண் உங்களுக்கு.

முதலில் ஹீட்டர் வெடித்த வீட்டில் இருந்த வயதான தம்பதியைப் பற்றி நீங்கள் சொல்லிவிட்டீர்கள். திரும்பச் சொல்ல வேண்டாம். அவர்களை எனக்குத் தெரியாது.

அந்தச் செய்தி வெளியே வருவதற்கு முன்பே மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார். இதைத்தான் இதுவரை நான் சொல்லவில்லை.

"மச்சான், ஹீட்டர்ல ஏதோ விசில் மாதிரி சத்தம் வருது. உங்க தங்கச்சி பயப்படறா. அந்தக் கம்பெனி பக்கம் நீங்க செஞ்சதுதானே? பிரச்சினை ஏதாவது இருக்கா?"

முதலாளியிடம் வெளியே சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்குத் தவறுகிறவன் இல்லை நான். தங்கையின் வீட்டையும் விட்டுவிட முடியாது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு வாக்கியம் என்னிடம் தயாராக இருந்தது.

"எல்லாம் பக்கத்துலயே இருக்கு மாப்பிள்ளை, பாருங்க."

ஒரு சொல் பொய்யில்லை அதில். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கோடு இல்லாமலே அவர் கண்டுபிடித்துவிட்டால், இத்தனை வருஷச் சண்டையில் நான் ஜெயித்த மாதிரி. போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் திரும்பக் கூப்பிடவில்லை. பார்த்துவிட்டார் என்று நினைத்து, சந்தோஷமாக டீ குடிக்கப் போனேன்.

அவர் பார்த்திருக்கிறார். வாத்தியார் இல்லையா, மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார். "பயப்படாத, தரம் பத்தி நல்லபடியாத்தான் போட்டிருக்கு. நீ போய்க் குளி" என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறார்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். தங்கைக்கு முகம் தவிர மற்றதெல்லாம் கட்டுப் போட்டிருந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றேன்.

என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதை முன்பே முதலாளியிடம் கேட்டேன். வக்கீலிடம் பேசு என்றார். வக்கீலிடம் கேட்டேன், பேசாமல் இரு என்றார். உங்களிடமும் கேட்டேன், கேள்வி கேட்பது உங்கள் வேலை என்றீர்கள். கடைசியில் அவரிடமே கேட்டேன்.

"மாப்பிள்ளை, உண்மையைச் சொல்லுங்க. நான் கோடு போட்டிருந்தா நீங்க பார்த்திருப்பீங்களா?"

அவர் ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். தங்கை எழுந்துவிடக்கூடாதே என்று மெல்லத்தான் சொன்னார்.

"கோடு எதுக்கு மச்சான்? நான் போன்ல கேட்டேனே. வாயால சொல்லியிருந்தா போதும்."