உள்ள வாங்க, வாஃபிள் ஆறுது

…இல்ல, நீயே சொல்லு தம்பி, எதிர் வீட்டு ஸ்டெய்னுன் போடுற வாஃபிள்ல அப்படி என்ன இருக்கு? கடைல வாங்குன ஜாம். நான் பின்பக்கம் வளந்த ருபார்ப் செடியோட புளிப்புத் தண்ட வெட்டி, நானே ஜாம் காச்சி… கொஞ்சம் அடிப்பிடிச்சுது, சரி, அத விடு. அவ வாசல்ல தெரு முனை வரைக்கும் வரிசை. எங்க வீட்டுல நீ ஒருத்தன். அதுவும் பாத்ரூம் எங்கன்னு கேட்டு வந்தவன். உக்காரு உக்காரு, ஷூவத்தான் கழட்டியாச்சே, எங்க ஓடப் போற? இன்னொண்ணு வெக்கிறேன். க்ரீம் போட்டுக்க.

இந்தத் திருவிழாவுக்குக் கலாசார இரவுன்னு பேரு, ஆனா காலைலயே மாரத்தான்காரங்க தடதடன்னு ஓடி எழுப்பி விட்டுடுவாங்க. வாணவேடிக்கை முடியிற வரைக்கும் இந்த ரெய்க்யவிக் ஊருல ஒருத்தனும் வீடு தங்க மாட்டான். இந்தத் தெருக்காரங்க மட்டும் மத்தியானம் கதவத் திறந்து போட்டு, வர்றவன் போறவனுக்கெல்லாம் சும்மா வாஃபிள் குடுப்பாங்க. வருஷா வருஷம் இந்தக் கூத்தப் பாத்து ஜன்னல் திரைய இழுத்து விடுறவன் நான். இந்தத் தடவ நானே நகராட்சிக்குப் போன் பண்ணி, ‘என் பேரையும் சேத்துக்கங்க’ன்னேன். அங்க போன எடுத்த பொண்ணு மறுபடி மறுபடி கேக்குது, ‘தோர்கில்ஸ், நீங்களா? நீங்கதானா?’ன்னு. பின்னாடி யாரோ சிரிக்கிற சத்தம் வேற.

எல்லாம் ஹல்பெராவால. என் பொண்டாட்டி. ஜூன்ல ஒரு நாள், நான் பனியனோட இதே மேசைல கருவாட்டுல வெண்ணெயத் தடவித் தின்னுட்டிருக்கேன். ஒரு சுற்றுலாக்காரம்மா நேரா உள்ள வந்து, என்னய ஒரு போட்டோ எடுத்துட்டு, ‘டிக்கெட் எங்க வாங்கணும்’னு கேக்குது. அந்தக் காலத்துத் தகர வீடு பாரு, மியூசியம்னு நெனச்சிருச்சு. என்னயும் அதுல ஒரு பொருள்னு நெனச்சிருக்கும். ஹல்பெரா என்ன பண்ணா தெரியுமா? ‘உக்காருங்க, காப்பி போடுறேன்’ங்கிறா. எனக்கு வந்துச்சு பாரு கோவம். நான் போட்ட சத்தத்துல அந்தம்மா ஒத்த ஷூவ விட்டுட்டு ஓடிருச்சு. அது இன்னும் அலமாரிலதான் கெடக்கு. யார்கிட்டக் குடுக்கிறது?

‘உனக்கு மனுஷ வாடையே ஆகாது தோர்கில்ஸ், அப்புறம் நான் மட்டும் எதுக்கு’ன்னுட்டு, அக்யூரேரில இருக்கிற அவ தங்கச்சி வீட்டுக்குப் பச்சைப் பெட்டியத் தூக்கிட்டா. நான் அசரல. அன்னிக்கே முன்வாசலுக்கு ஒரு ஏற்பாடு பண்ணேன், அப்புறம் ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. நிம்மதியோ நிம்மதி. ஒரு வாரம் இருந்துச்சு அந்த நிம்மதி. அப்புறம் பாத்தா, நான் காப்பி மெஷின்கிட்டப் பேசிட்டிருக்கேன். அவ இல்லாம முடியல தம்பி. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு.

போன் பண்ணிக் கெஞ்சுனேன். ‘கலாசார இரவன்னிக்கு வர்றேன். முன்ன பின்ன தெரியாத ஒரு ஆள் நம்ம மேசைல பயப்படாம உக்காந்து சாப்பிடுறதப் பாத்தா பெட்டியக் கீழ வைக்கிறேன். இல்லேன்னா அடுத்த பஸ்ஸு’ன்னா. விடுவேனா? வாளி வாளியா மாவு கரைச்சு வெச்சிருக்கேன். நாற்காலி பத்தலன்னு ஸ்டெய்னுன்கிட்டயே போயி எரவல் வாங்குனேன். என் மானத்த அங்கயே வெச்சிட்டு வந்தேன்னு வெச்சுக்கயேன்.

ஆனா நடக்கிறதப் பாரு. கேட்டு வரைக்கும் வர்றாங்க. நிக்கிறாங்க, சிரிக்கிறாங்க, போட்டோ எடுக்கிறாங்க, அப்படியே எதிர்த்தாப்புல போயிடுறாங்க. நானும் ஜன்னல்ல நின்னு பல்லெல்லாம் காட்டிக் கைய ஆட்டுறேன். அப்பதான் இன்னும் வேகமாப் போறாங்க. என் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு? அவ பஸ் வேற இந்நேரம் வந்திருக்கணும்…

ஆமா, நீ மட்டும் எப்படி உள்ள வந்த?

என்ன… போர்டா? எந்தப் போர்டு?

அட கடவுளே. அது இன்னுமா அங்க இருக்கு? நான் பின்வாசல் வழியாவே போயி வந்து… வேணாம், படிச்சுக் காட்டாத, எழுதுனவனே நான்தான். ‘இது மியூசியம் இல்ல. உள்ள வந்தா கடிப்பேன்.’ கீழ என் பேரு. எல்லாருக்கும் புரியட்டும்னு இங்கிலீஷ், ஜெர்மன், அப்புறம் பல்லு படம் வேற.

அதப் படிச்சிட்டுமா வந்த? யாரு சொன்னது? எதிர்ச் சுவத்து மேல உக்காந்திருக்கிற பொம்பளையா? வரிசைக்குப் பின்னாடியா, அதான் என் கண்ணுல படல… ‘சும்மா போங்க, குரைப்பான், கடிக்க மாட்டான், பாத்ரூம் இடது பக்கம்’னாளா?

பச்சைப் பெட்டியா? கீழ வெச்சிருக்காளா, மடியிலயா?

மடியிலயா…

அவளே பாத்து ஆளு அனுப்பியிருக்கா தம்பி. எந்திரிக்காத, உனக்குப் புண்ணியமாப் போகும், தின்னுட்டே இரு. ஜன்னல் பக்கமாத் திரும்பி உக்காரு, கொஞ்சம் நிம்மதியா இருக்கிற மாதிரி மூஞ்சிய வெச்சுக்க. நான் போயி அந்தப் போர்டப் பிடுங்கிடுறேன். சுத்தியல் எங்க… ஒருத்தனும் கழட்டக் கூடாதுன்னு ஆணிய வளைச்சு வளைச்சு அடிச்சேனே, பாவி. இப்ப நான் சுத்தியலும் கையுமா வெளிய போனா அவ என்ன நெனப்பா?

ஒண்ணு மட்டும் சொல்லு. உங்கிட்டப் பேசுறப்போ அந்தப் போர்டப் பாத்தாளா? பாத்து சிரிச்சாளா?

சிரிச்சாளா…

சுத்தியல் கெடக்கட்டும். அந்தக் காலித் தட்ட இப்படிக் குடு, ஒரு வாஃபிள் வெச்சு நானே கொண்டு போறேன். அவளுக்கு க்ரீம் தூக்கலா வேணும்.