கண்ணாடி அறையின் வாசல்

நோய்த்தொற்றைத் தடுக்கும் விதிகளை நூலாக்கி வெளியிடும் இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரிய டாக்டர் அவர்களே, முகக்கவசத்தின் தழும்பையே பதக்கமாகப் பூண்ட மருத்துவர்களே, கழுவிக் கழுவியே கைரேகை தேய்ந்த செவிலியச் சகோதரிகளே, பொறுமையோடு வந்தமர்ந்த பெரியவர்களே, மடியில் மழலையோடிருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

“நன்றி சொல்லுங்கம்மா, ரெண்டு நிமிஷம் போதும்” என்றுதான் என்னை மேடையேற்றினார்கள். சொல்கிறேன். அதற்கு முன் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது.

இந்த மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் ஒரு கண்ணாடி அறை. நாள் நிறையும் முன்னே அவசரப்பட்டு வந்துவிட்ட பிள்ளைகள் வளரும் அறை. அங்கே காலடிகூடக் கனவில் கேட்பது போலத்தான் கேட்கும். நீல வெளிச்சத்தில் ஒன்பது பெட்டிகள். ஒன்பது பெட்டிகளில் ஒன்பது உயிர்த்துளிகள். நான்காவது பெட்டியில் என் மகள். கண்ணை மூடினால் அவள் நீருக்குள் மிதப்பாள். நான் கரையில் நிற்பேன். கொள்ளைநோய்க் காலம். தாய்க்கு ஒரு நாளில் கால் மணி நேரம்தான். அந்தக் கால் மணி நேரத்துக்காகவே மிச்ச நாளெல்லாம் மூச்சு விட்டேன்.

ஒரு நாள் காலை எனக்குக் காய்ச்சல்.

சோதனைக்குப் போனேனா? இல்லை. வீட்டில் சொன்னேனா? இல்லை. மாத்திரையை விழுங்கினேன், உடம்பு ஆறும்வரை காத்திருந்தேன், ஒன்றும் அறியாதவள் போல வாசலில் வந்து நின்றேன். நெற்றிக்கு நேரே நீட்டிய கருவி என்னை நம்பிவிட்டது.

வாசலில் நின்ற ஆயா நம்பவில்லை. கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள். அவரை எனக்கு அவ்வளவுதான் தெரியும். அந்தக் கண்கள் என் நெற்றியோரத்து வியர்வையைப் பார்த்தன.

“மாத்திரை ஏதாச்சும் போட்டீங்களா தங்கச்சி?”

இல்லை என்றேன். மறுபடி கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன்.

“உள்ள ஒன்பது பேரு இருக்காங்க. கிட்ட வராதேன்னு சொல்ல ஒருத்தருக்கும் இன்னும் பேச்சு வரல. அதான் நான் கேக்குறேன்.”

அழுதேன். கத்தினேன். என் பிள்ளையைத் தடுக்க நீ யார் என்று கேட்டேன். அவர் கதவை விட்டு நகரவில்லை. ஆள் துணையோடு என்னைச் சோதனைக்கு அனுப்பி வைத்தார்.

அங்கே ஓர் அம்மா தலையை ஆட்டுகிறீர்கள். நீங்களும் மாத்திரை போட்டிருப்பீர்கள். தாய்மனம் பொல்லாதது அம்மா.

“கருவிக்குத் தெரியாத காய்ச்சல் அந்த ஆயாம்மாவுக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்” என்று என் கணவர் கொதித்தார். மரியாதைக் குறைவாக நடந்ததாகப் புகார் எழுதினார். காய்ச்சல் அடிக்கும் கையால் நான் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது வரிசையில் இருக்கும் என் வீட்டுக்காரரே, தலை குனியாதீர்கள். மாத்திரைக் கதை உங்களுக்கே இப்போதுதானே தெரியும்.

மறுநாள் சோதனை முடிவு வந்தது: தொற்று உறுதி. ஆனால் அதற்குள் புகார் போய்ச் சேர்ந்து, வாசலில் நின்ற அந்த அக்காவைச் சலவைப் பிரிவுக்கு மாற்றிவிட்டது. பன்னிரண்டு நாள் கைபேசித் திரையிலேயே மகளைப் பார்த்தேன். மாத்திரை போட்டதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒன்பது பிள்ளைகளும் ஒன்பது வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இதோ, என் அம்மாவின் தோளில் தூங்குகிறாளே, அவளும் ஒருத்தி.

அச்சடித்துவிட்டால் விதி நிற்குமா? சுவரில் ஒட்டிவிட்டால் நிற்குமா? அழுகிற தாயின் முகத்துக்கு நேரே ‘கூடாது’ என்று சொல்ல ஓர் ஆள் நின்றால்தான் நிற்கும்! அந்த ஆளை நாமே அகற்றிவிட்டு, அழகான அட்டை போட்டு நூல் வெளியிடுவதா?

தலைவர் அவர்களே, அந்தப் புகாரை இந்த அவை அறியத் திரும்பப் பெறுகிறேன். அவரை அந்த வாசலுக்கே அனுப்புங்கள். உங்கள் முன்னே தாள் இருக்கிறது, பேனா இருக்கிறது. இரண்டு நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. நீங்கள் எழுதாமல் நான் இறங்குவதாக இல்லை.

எழுதுகிறீர்கள்.

நன்றி ஐயா. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், கீழே சலவைப் பிரிவில் இந்த ஒலிபெருக்கியைக் கேட்டபடி போர்வைகளைக் கொதிநீரில் அமிழ்த்திக்கொண்டிருக்கும் அக்காவுக்கும் என் வணக்கம்.