அஞ்சுக்கும் போடு

வண்ணார்பேட்டையில் ஏறிய அம்மாவும் மகளும் சேரன்மகாதேவி பேருந்தில் என் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் நர்ஸ். பொது சுகாதார மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள் என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது.

"ஒரு வீட்டுக்கா உன் ஜாதகத்தக் குடுத்தோம்? காலேஜுக்கு மட்டும் ஒண்ணு போதும்னு சொல்லுத?" என்று அம்மா கேட்டதும் நான் ஜன்னலை மறந்துவிட்டேன்.

"அஞ்சு காலேஜுக்கும் போட்டு, அஞ்சு பேரும் வேண்டாம்னுட்டா அசிங்கம்லாம்மா?"

"ஏட்டி, பொண்ணு பாக்க வந்தவன் அத்தன பேரும் வேண்டாம்னுதான் போனான். நம்ம என்ன சோறு திங்காமலா கெடந்தோம்?"

"நீ சோறு தின்ன. நான் மிஞ்சுன கேசரியத் தின்னேன்."

இருவரும் சிரித்த சிரிப்பில் நடத்துனர் திரும்பிப் பார்த்தார்.

"அஞ்சுக்கும் போடுட்டி. கெடைக்காட்டா அடுத்த வருசமும் போடுவோம்."

நிரப்பி வைத்திருந்த விண்ணப்பங்களை மகள் கைபேசியில் ஒவ்வொன்றாக அனுப்பத் தொடங்கினாள். "சரி, அஞ்சு பேரும் வான்னு கூப்புட்டுட்டா?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணுல சேரு. மத்த நாலு பேர்ட்டயும், ஊருக்குப் போயி கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்னு சொல்லு. நம்ம வீட்டுப் பலகாரத்தத் தின்னுட்டு அப்படித்தான சொல்லிட்டுப் போனானுவ?"